களஞ்சியத்தில் குடியேறலாமா?



நெற்களத்தைப் பார்த்தவர்களுக்குத் தூற்றுதல் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. முறத்தை உயர்த்திப் பிடித்துச் சரித்தால் பதர் காற்றோடு போகும். மணி காலடியில் விழும். இங்கிலாந்திலோ மழை எந்த நாழிகையில் வரும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே அந்நாட்டு உழவர்கள் களத்தையே கூரையின்கீழ்க் கொண்டுவந்துவிட்டார்கள். நீண்ட களஞ்சியம், நடுவே எதிரெதிராக இரண்டு பெருங்கதவுகள், அவற்றிற்கிடையே கதிரடிக்கும் தளம். இரு கதவுகளையும் திறந்துவிட்டால் காற்றுக் குறுக்கே பாயும். தூற்றும் வேலை நடக்கும். சுவரில் சன்னல் கிடையாது. காற்றுப் புக ஒடுங்கிய பிளவுகள் மாத்திரம் உண்டு.

வடக்கே யார்க்‌ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வேறொரு வகை. புல்வெளிதோறும் ஒரு கற்கொட்டில் நிற்கும். மேலே உலர்ந்த புல், கீழே மாடுகள். குளிர்காலம் முழுவதும் மேலிருந்து புல்லைத் தள்ளி மாடுகளுக்கு இடுவார்கள். சேர்ந்த சாணத்தை அதே வெளியில் எருவாகப் பரப்புவார்கள். சுமை தூக்கிச் செல்லும் தொல்லையே இல்லாத ஏற்பாடு! 1780-களில் ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் பொறியை அமைத்தார். பின்னர் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தன. பழைய வாயில்களில் அவை நுழையமாட்டா. களஞ்சியங்கள் வேலையிழந்தன. வேலையில்லாத கட்டடத்தின் கூரையை எவர் செப்பனிடுவார்?

‘அப்படியானால் உரிமையாளர் அதில் குடியேறட்டுமே’ என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. உலகப் போர்கள் இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் நகரங்களிலிருந்து புறப்பட்ட சாலைகளின் இருமருங்கிலும் வீடுகள் வரிசையாக முளைத்து, விளைநிலத்தை விழுங்கி வந்தன. அதைத் தடுக்கும் நோக்கமும் உட்பட, 1947-இல் நகர்ப்புற நாட்டுப்புறத் திட்டச் சட்டம் இயற்றப்பட்டு, 1948 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நிலம் உம்முடையதாயினும், அதில் புதிதாகக் கட்டவோ கட்டடத்தின் பயனை மாற்றவோ உள்ளூர் மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும் என்றது அது. ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல், மாடு நின்ற இடத்தில் மனிதன் வாழத் தொடங்கினாலும் அது பயன் மாற்றமே.

அனுமதி வழங்குவோரின் சங்கடம் எளிதன்று. களஞ்சியத்தின் அழகு சன்னலற்ற பெருஞ்சுவரில் இருக்கிறது. வீட்டுக்கோ வெளிச்சம் இன்றியமையாதது. சுவரெங்கும் துளைத்துப் புகைபோக்கியும் வைத்துவிட்டால், காப்பாற்ற வந்த கட்டடமே காணாமற் போய்விடும். அந்தப் பெருங்கதவு வாயில்களைக் கண்ணாடியால் அடைத்து ஒளி பெறுவதே நல்ல தச்சரும் சிற்பியும் கைக்கொள்ளும் முறை. எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. மற்றுமொன்று: உத்தரத்தில் வௌவாலும் ஆந்தையும் குடியிருக்கக்கூடும். 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அவற்றுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது.

வீட்டுப் பஞ்சம் முற்றவே, 2014-இல் அரசு பிடியைத் தளர்த்தியது. முழு அனுமதி வேண்டாம். போக்குவரத்து, வெள்ள அபாயம், ஒலி, தோற்றம் போன்ற சிலவற்றை மட்டும் மன்றம் ஆராய்ந்து 56 நாட்களுக்குள் முடிவு கூறினால் போதும் என்றது. தொடக்கத்தில் ஒரு பண்ணைக்கு 3 வீடுகள் என்றிருந்த வரம்பு 2018-இல் 5 ஆகி, 2024-இல் 10 ஆயிற்று. ஆனால் தேசியப் பூங்காக்களுக்கும், வரலாற்றுச் சிறப்புடையவை எனப் பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கும் இச்சலுகை இல்லை. விளைவு வேடிக்கையானது. நூற்றாண்டு கண்ட கற்களஞ்சியம் முழு அனுமதிக்குக் காத்துக் கிடக்க, நேற்று எழுந்த தகரக் கொட்டகை எளிதாக வீடாகிவிடுகிறது!

அதற்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று பக்கமும் பெரும்பாலும் திறந்திருந்த ஓர் இரும்புச் சட்டக் கொட்டகையை வீடாக்க நாட்டிங்காம்ஷயரில் ஒருவர் முனைந்தார். ‘இது மாற்றமன்று, புதுக் கட்டுமானமே’ என்று 2016-இல் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் நடந்தது இன்னும் விந்தை. வைக்கோல் களஞ்சியம் கட்ட அனுமதி பெற்ற ஒருவர், வெளியே களஞ்சியம், உள்ளே படுக்கையறைகளும் கூடமும் எனக் கட்டி, 2002 முதல் நான்காண்டுகள் ஓசைப்படாமல் வாழ்ந்தார். நான்காண்டு கடந்துவிட்டால் மன்றம் நடவடிக்கை எடுக்க இயலாது என்பது அன்றைய விதி. அதைக் காட்டி உரிமை கோரினார். வஞ்சனையால் பெற்ற காலக்கெடு பயன்தராது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அக்கெடுவையே 2024-இல் பத்தாண்டாக நீட்டினார்கள்.

யார்க்‌ஷயர் டேல்ஸின் கவலை இத்தகைய தந்திரங்களைப் பற்றியதன்று. பள்ளத்தாக்கில் பிறந்த இளைஞர் அங்கேயே வாழ வீடு கிடைக்குமா என்பதே. விடுமுறைக்கு வரும் செல்வர்களோடு போட்டியிட்டு அவர்களால் வீடு வாங்க முடிவதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தால் கிராமம் என்னாகும் என்பதை ஆசிரியத் தொழில் செய்தவன் அறிவேன். அங்குள்ள தேசியப் பூங்கா ஆணையம் 2016-இல் ஏற்ற திட்டத்தில் ஊருக்குள்ளும் சாலையோரத்திலும் நின்ற கொட்டில்களை வீடாக்க இடம் கொடுத்தது. புல்வெளி நடுவே தனித்து நிற்பவற்றுக்கு அவ்வழியைத் திறக்கவில்லை. அவற்றுக்குப் பாதை போட்டு மின்கம்பம் நட்டால், புல்வெளி புல்வெளியாக இராது என்று கருதினார்கள்.