பேரிக்காய் மரத்தடியில்



பேரிக்காய் மரத்தடியில் ஒருவன் தூங்குகிறான். மல்லாந்து, காலைப் பரப்பி, வாயைத் திறந்தபடி அப்படியொரு தூக்கம். விடியலில் அரிவாளெடுத்தவனுக்கு உச்சிவெயிலில் வருகிற தூக்கம் அது. 1565-இல் தூங்கப் போனவன், இன்னும் எழவில்லை.

பீட்டர் புரூகல் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய 'அறுவடை செய்வோர்' என்ற ஓவியத்தில் அவன் இருக்கிறான். ஓவியம் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். ஐந்தடிக்கு மேல் அகலம், ஏறக்குறைய நான்கடி உயரம்.

ஆன்ட்வெர்ப் நகரத்துப் பெருவணிகர் நிக்லாஸ் யோங்கெலிங்க் தம் வீட்டுக்காக வரையச் சொன்ன பருவகால வரிசையில் இது ஒன்று. வரிசையில் இன்று மிஞ்சியவை ஐந்து. மூன்று வியன்னாவில், ஒன்று பிராகில்.

அதற்கு முன் ஐரோப்பிய ஓவியங்களில் வயலும் மலையும் பெரும்பாலும் புனிதர்களுக்குப் பின்னால் விரித்த திரைதான். இங்கே புனிதர் யாருமில்லை. வெயிலும் விளைச்சலும் வேலையாட்களும்தான். புரூகலின் துணிச்சல் அதோடு நிற்கவில்லை என்பேன். செல்வந்தர் வீட்டுச் சுவருக்குப் போகிற படம். பொன்னாய் விளைந்த வயலை மட்டும் காட்டியிருந்தாலே அவர் மகிழ்ந்திருப்பார். இவரோ விளைச்சலுக்குத் தந்த அதே அக்கறையை அலுப்புக்கும் தருகிறார். மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். ஒருத்தி பெரிய துண்டாகக் கடிக்கிறாள். ஒருவன் கிண்ணத்தை முகத்தோடு சாய்த்துக் குடிக்கிறான். பசித்தவர்கள் சாப்பிடும் விதத்தை அவர் அருகிலிருந்து பார்த்திருக்கிறார்.

இடப்பக்கம் கோதுமை அறுபடாமல் சுவர்போல நெருங்கி நிற்கிறது. நடுவே வெட்டிய வழியில் ஒருவன் சாடிகளைச் சுமந்து ஏறி வருகிறான். அப்பால் பெண்கள் கதிர்க்கட்டுகளைத் தோளில் தாங்கிச் சரிவில் இறங்குகிறார்கள். அதற்கும் அப்பால் கட்டேற்றிய வண்டி, மரங்களுக்கிடையே ஊர், வெயிலில் வெளுத்துப்போன நீர்ப்பரப்பில் கப்பல்கள். முன்னே அடர்ந்திருந்த மஞ்சள் தூரம் போகப்போகக் கரைந்து, வானத்தோடு ஒன்றாகிவிடுகிறது. நீல வானமே இல்லை. அந்தப் புழுக்கம் நம் கழுத்திலும் வேர்க்கிறது.

இத்தனையையும் பார்த்த பிறகுதான் என் கண்ணில் பட்டது, இடப்பக்க ஓரத்தில் ஒரு சாடி. அறுக்காத தாள்களுக்குள், நிழல் பார்த்து, யாரோ பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இன்னும் நீண்ட அரிவாளை வீசிக்கொண்டிருப்பவர்கள் அந்த வரிசையை முடித்துவிட்டு வந்து எடுப்பார்கள். அதுவரை உள்ளே இருப்பது குளிர்ச்சியாகவே இருக்கும்.