பூவும் இலைக்கிளையும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு கொடுக்கும் இந்த மேடையில் நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அறிவியல் தேர்வில், காகிதப் பூவின் சிவப்புப் பகுதி எது என்று கேட்டிருந்தேன். ஒரு பையன் "இலை" என்று எழுதினான். "இதழ்" என்பதே விடை என்று நினைத்து முட்டை போட்டேன். மறுநாள் அவன் அம்மா, வேலை முடிந்த கையோடு, ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு வந்து நின்றார். "சார், நல்லா பாருங்க. இதுல இலை மாதிரியே நரம்பு ஓடுது. நடுவுல குச்சி குச்சியா மூணு இருக்கே, அதுதானே பூ?"

அவர் சொன்னதுதான் சரி. சிவப்பெல்லாம் நிறம் மாறிய இலை.

அப்படியானால் பூ என்பது என்ன? இலைக்கிளையைப் பாருங்கள். நுனியில் குருத்து வளர்ந்துகொண்டே போகும். இலைக் கக்கத்தில் மொட்டு இருக்கும். அது நாளைக்குக் கிளையாகலாம். பூவும் ஒரு குட்டைக் கிளைதான். ஆனால் கணுக்கள் நெருங்கி, புறவிதழ், இதழ், மகரந்தம், சூலகம் என்று அடுக்கி முடிந்ததும் குருத்து நின்றுவிடும். 1960இல் தேசிய மலரான செம்பருத்தியைப் பிரித்து, இதழின் கக்கத்தில் மொட்டைத் தேடுங்கள், கிடைக்காது.

பூவின் உறுப்புகள் இலையின் உருமாற்றமே என்று 1790இலேயே ஜெர்மானியக் கவிஞர் கேத்தே எழுதினார். (கவிஞருக்குச் செடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள்!) ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, கடுகு இனச் சிறுசெடி ஒன்றில் சில மரபணுக்களை முடக்கிப் பார்த்தார்கள். பூ உறுப்புகள் வரவேண்டிய இடத்தில் இலைகளே வந்தன.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வாழையின் குருத்தே பூவாகிக் குலை தள்ளுகிறது. அதனால் அந்த மரம் ஒரு குலையோடு சரி. செம்பனையில் பூ வருவது மட்டையின் கக்கத்தில். உச்சிக் குருத்து பூவாவதே இல்லை. அதனால்தான் இருபத்தைந்து வருஷம் வெட்டினாலும் குலை வந்துகொண்டே இருக்கிறது. குருத்து அழுகினால் மரமே போச்சு. கடும் வறட்சிக்குப் பிறகு ஆண் பூ மிகுந்து குலை குறைவதும், சம்பளம் குறைவதும் உங்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பையனின் முட்டையை அன்றே அடித்து மதிப்பெண் போட்டுவிட்டேன். பள்ளி வாசலில் ஒரு காகிதப் பூச்செடி நிற்கிறது. போகும்போது குனிந்து பாருங்கள். பறிக்க வேண்டாம், தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.