கொரிய மொழித்தேர்வும் நம் இலக்கண அறிவும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் விழாவில் கொரிய மொழித்தேர்வு பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் வியந்தனர். சங்கப் பாடலையோ புதுக்கவிதையையோ எடுத்துப் பேசுவதே இம்மேடையின் வழக்கம் என்பதை நான் அறிவேன். எனினும், நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பிள்ளைகள் வேற்று மொழியொன்றைப் பயிலும்போது அவர்தம் தமிழறிவு அவர்களுக்குத் துணை நிற்கிறதா, இல்லையா என்னும் வினா, தமிழை நேசிக்கும் அனைவருக்கும் உரிய வினாவாகும்.

நம் மண் மானாவாரி மண். கண்மாய் பெருகிய ஆண்டில் நெல். பெருகாத ஆண்டில் பருத்தி, சோளம், கம்பு. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்களைவிட மணல் கிடக்கும் நாள்களே மிகுதி. ஆகவே பிழைப்புத் தேடியும் படிப்புத் தேடியும் ஊர்விட்டுச் செல்லுதல் இங்குப் புதிதன்று. மதுரை, திருப்பூர், சென்னை, வளைகுடா நாடுகள் என நீண்ட அப்பாதை இன்று கொரியாவையும் தொட்டுவிட்டது. 1996-இல் நிறுவப்பெற்ற ஹூண்டாய் நிறுவனம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியபின், கொரிய மொழி அறிந்தோர்க்குத் தமிழ்நாட்டிலேயே வேலை உண்டு என்னும் நிலை உருவாயிற்று. 2006-இல் இந்திய – கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ மையம் சென்னையில் தோன்றியது. கொரியத் தொடர்களும் பாடல்களும் கைப்பேசி வழியே நம் சிற்றூர்த் திண்ணைகளுக்கும் வந்து சேர்ந்தன.

கொரியாவிற்குச் சென்று பயில விரும்பும் அயல்நாட்டு மாணவர் கடக்க வேண்டிய வாயில்களுள் ஒன்று ‘டோபிக்’ எனப்படும் கொரிய மொழித் திறனறி தேர்வு. 1997-இல் தொடங்கிய இத்தேர்வு ஆறு நிலைகளை உடையது. முதல் இரு நிலைகளுக்கு ஒரு தாள். அதற்கு 200 மதிப்பெண்கள். மூன்று முதல் ஆறு வரையிலான நிலைகளுக்கு மற்றொரு தாள்; அதற்கு 300 மதிப்பெண்கள். இவ்விரண்டாம் தாளில் 120 பெற்றால் மூன்றாம் நிலை, 150 பெற்றால் நான்காம் நிலை, 190-க்கு ஐந்து, 230-க்கு ஆறு. பெற்ற சான்று ஈராண்டுகளுக்கே செல்லும். கொரிய அரசின் உதவித்தொகை பெற்றுச் செல்லும் மாணவர்கள் பொதுவாக முதலில் ஓராண்டு மொழி பயில வேண்டும்; அதன் முடிவில் மூன்றாம் நிலையை எட்டினால்தான் பட்ட வகுப்பிற்குள் நுழைய இயலும். மழை பார்த்து வாழும் குடும்பத்திலிருந்து சென்ற பிள்ளைக்கு அந்த 120 மதிப்பெண் எத்துணைப் பெரிது என்பதை இவ்வவைக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி அவ்வாறு மொழியாண்டில் இருந்தபோது ஓரிரவு தொலைபேசியில் அழைத்தாள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இலக்கண நூலை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் திணறியிருக்கிறாள். “அம்மா, இவங்க பக்கம் பக்கமா விளக்குறது நம்ம பெயரெச்சம்தானே?” என்று கேட்டாள். ஆம், அதுவேதான். ‘நேற்று வாங்கிய நூல்’ என்பதைக் கொரியர் ‘ஒஜெ சான் செக்’ என்பர். ஒஜெ என்பது நேற்று. சான் என்பது வாங்கிய. செக் என்பது நூல். சொல்லுக்குச் சொல் நிற்கும் இடம்கூட மாறவில்லை. ஆங்கிலம் இதற்குப் பெயரை முன்னே வைத்து, இணைப்புச் சொல்லொன்றைத் தேடி, தொடரைப் பின்னே தள்ள வேண்டும். தமிழிலிருந்து நேரே செல்லக்கூடிய ஒரு பிள்ளையை நாம் ஆங்கிலம் வழியாகச் சுற்றி அனுப்புகிறோம். இன்று நான் சொல்ல வந்த செய்தி இதுதான்: கொரிய மொழித்தேர்வுக்கு ஆயத்தமாகும் தமிழ் மாணவரிடம் ஏற்கெனவே ஒரு திறவுகோல் இருக்கிறது. அது நாம் பள்ளியில் ‘மதிப்பெண்ணுக்கு மட்டும்’ என்று படித்து மறந்த தமிழ் இலக்கணம்.

சில சான்றுகளைக் காண்போம். கொரிய மொழியில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்பதே இயல்பான வரிசை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். நம் ‘ஐ’ உருபின் இடத்தில் ‘உல்’ அல்லது ‘ருல்’. ஒருவர்க்கு என்னும் ‘கு’ உருபின் இடத்தில் ‘எகெ’. கருவிப்பொருள் தரும் ‘ஆல்’ உருபின் இடத்தில் ‘ரோ’.

துணைவினைகளைப் பாருங்கள். ‘பொதா’ என்றால் பார்த்தல். ‘உண்டு பார்’ என்று நாம் சொல்லும் அதே பொருளில் அவர்களும் உண்ணுதலோடு பார்த்தலைச் சேர்த்துச் சொல்வர். ‘ஜுதா’ என்றால் கொடுத்தல். பிறர்க்காகப் படிப்பதைப் ‘படித்துக் கொடுத்தல்’ என்பர். ‘துதா’ என்றால் வைத்தல். ‘எழுதி வைத்தல்’ அங்கும் உண்டு. ‘பொரிதா’ என்றால் எறிதல். அது துணைவினையாகும்போது ‘தின்றுவிட்டான்’ என்பதில் வரும் ‘விடு’ போல முற்றுப்பெற்ற தன்மையைக் காட்டும். பிறமொழியார் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யும் இவ்விடங்களை நம் பிள்ளைகள் கேட்டவுடன் கைக்கொள்ளலாம்.

இரட்டைக்கிளவியும் அங்கே வளமாக உண்டு. மினுமினுப்பதைப் ‘பன்ச்சக் பன்ச்சக்’ என்பர். நெஞ்சு படபடப்பதைத் ‘துகுன் துகுன்’ என்பர். ஓடைநீர் சலசலப்பதை ‘ஜொல் ஜொல்’ என்பர். கேட்டலிலும் வாசித்தலிலும் இத்தகு சொற்கள் வரும்போது, இவை வெறும் ஓசை அல்ல, பொருளுடைய கிளவி என்று தமிழ் மாணவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

எழுத்தின் செய்தி இன்னும் சுவையானது. அரசர் செஜோங் 1443-இல் ஆக்கி 1446-இல் வெளியிட்ட கொரிய எழுத்து, தொடக்கத்தில் 28 குறிகளைக் கொண்டிருந்தது. இன்று வழங்குவன 24. அடிப்படை மெய்க்குறிகள், அவ்வொலி பிறக்கும் உறுப்பின் வடிவைக் கொண்டவை. ககரக் குறி அடிநா மேலெழுந்து தொண்டையை அடைக்கும் தோற்றம். நகரக் குறி நுனிநா மேலே பொருந்தும் தோற்றம். மகரக் குறி வாயின் தோற்றம். எழுத்துகள் எங்குப் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்துரைத்தது. செஜோங் அப்பிறப்பிடத்தையே வரைந்து எழுத்தாக்கினார். பிறப்பியல் கற்ற மாணவர் கொரிய நெடுங்கணக்கை விரைவில் கற்றுவிட முடியும்.

இவ்வளவும் சொன்னபின், தமிழ் துணை செய்யாத இடங்களையும் சொல்வதே நேர்மை. முதலாவது, நம் முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை. கொரியத்திலோ எழுவாய்க்கு ‘இ’ அல்லது ‘கா’ என்னும் உருபு ஒன்று. பேசுபொருளைச் சுட்டுவதற்கு ‘உன்’ அல்லது ‘நுன்’ என மற்றொன்று. எங்கு எது வரும் என்பதை நம் மாணவர் பழகித்தான் அறிய வேண்டும். இரண்டாவது, நம் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். போனேன், போனாள், போனார்கள் எல்லாவற்றிற்கும் கொரியத்தில் ‘கத்தா’ ஒன்றே போதும். ஆனால் எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து அவ்வினை ஈறு மாறும். வா, வாரும், வாருங்கள் என்று பழகிய நமக்கு அதன் உட்கருத்து விளங்கும். வடிவங்களைத்தான் புதிதாகக் கற்க வேண்டும்.

மூன்றாவது, ஒலி. நம் வல்லெழுத்து சொல் முதலில் ஒலிப்பின்றியும் உயிரிடையே மென்மையாகவும் ஒலிக்கும். கொரிய இயல்பு வல்லினமும் ஏறத்தாழ அவ்வாறே. ஆனால் அவர்களிடம் அதனோடு இறுக்கி ஒலிப்பதும், மூச்சைச் சேர்த்து ஒலிப்பதும் தனித்தனியே உண்டு. நிலா, மகள், முகமூடி ஆகிய மூன்றையும் குறிக்கும் மூன்று சொற்களை நாம் எழுதினால் மூன்றும் ‘தல்’ என்றே வரும். கேட்டல் தேர்வில் இவற்றைப் பிரித்தறியச் செவியைப் பழக்குவதன்றி வேறு வழியில்லை. ஒலி மாற்றங்களிலோ புணர்ச்சி விதி கற்றவர்க்கு அச்சம் இராது. கல் மலையோடு சேர்ந்து ‘கன்மலை’ ஆவதுபோல், ‘குக்’ என்பது ‘முல்’ என்பதோடு சேர்ந்து ‘குங்முல்’ என ஒலிக்கும். எழுத்தில் மாறாது, ஒலியில் மட்டும் மாறும்.

நான்காவது, சொல்வளம். கொரியச் சொற்களில் பெரும்பகுதி சீன மூலத்தது. ‘ஹக்’ என்னும் கல்விப்பொருள் தரும் கூறு, பள்ளியைக் குறிக்கும் ‘ஹக்க்யோ’, மாணவரைக் குறிக்கும் ‘ஹக்செங்’, பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் ‘தெஹக்’ என்று பலவற்றில் வரும். சீன, சப்பானிய மாணவர்க்கு இது பழகிய நிலம், நமக்கு அன்று. தனிச்சொல்லாக உருப்போடாமல், பகுபத உறுப்பிலக்கணம் கற்றபோது செய்தது போலக் கூறுகளாகப் பிரித்துச் சேர்த்துவைத்தால் சுமை குறையும்.

இனி எழுத்துத் தேர்வுக்கு வருகிறேன். இரண்டாம் தாளின் எழுத்துப் பகுதிக்கு 50 நிமிடங்கள், நான்கு வினாக்கள். அவற்றுள் ஒன்று, தரப்பட்ட புள்ளிவிவரத்தை 200 முதல் 300 எழுத்துகளில் விளக்குவது. கடைசி வினா, பொதுப்பொருளொன்றைப் பற்றி 600 முதல் 700 எழுத்துகளில் கருத்துரைப்பது. அதற்கு மட்டும் 50 மதிப்பெண்கள். கட்டமிட்ட தாளில், கட்டத்திற்கு ஓர் எழுத்தாக எழுத வேண்டும். சொல்லிடை வெளிக்கும் ஒரு கட்டம் உண்டு. முகமன் காட்டும் பேச்சு நடையின் ஈறுகள் அங்கே ஒவ்வா. எழுத்து நடைக்குரிய ‘தா’ ஈறே வேண்டும். பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு என்பதைப் பிறந்தது முதல் அறிந்த தமிழர்க்கு இந்த வேறுபாடு புதிதன்று.

ஆனால் நம் கட்டுரைப் பயிற்சியின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. அழகான முன்னுரை, மேற்கோள் தொடர், பொத்தாம்பொதுவான முடிவுரை என்று மனப்பாடத்தால் பக்கம் நிரப்பப் பழகிய பிள்ளை, கேட்ட உட்கேள்விகளுக்கு வரிசையாக விடை சொல்லும் கட்டுரைமுன் திகைத்து நிற்கிறது. அது கொரிய மொழியின் கடுமையன்று. சிந்தித்ததைத் தன் சொல்லில் எழுத நாம் தமிழிலேயே பழக்காததன் விளைவு.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மொழி கற்கும் ஆற்றல் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. அருப்புக்கோட்டைத் தறி வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் பயிலும் குழந்தைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். 1879-இல் திருச்சுழியில் பிறந்த இரமணர், தாம் தமிழில் இயற்றிய உபதேச உந்தியாரைத் தாமே தெலுங்கிலும் வடமொழியிலும் மலையாளத்திலும் ஆக்கினார். வறண்ட நிலத்தின் பிள்ளைகளுக்குச் சொல் வறட்சி இருந்ததில்லை.

இங்கே ஒரு செய்தியை உரிமையோடு சொல்ல விரும்புகிறேன். அப்பா, அம்மா முதலியன கொரியத்திலும் ஒத்திருப்பதைக் கேட்டவுடன், ‘தமிழிலிருந்தே கொரியம் பிறந்தது’ என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே உளர். நாள் என்பதற்கு ‘நல்’, புல் என்பதற்கு ‘புல்’ என்று ஒப்புமைகள் இருப்பது உண்மை. ஹல்பர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஓர் ஒப்பிலக்கணமே எழுதினார். எனினும் இன்றைய மொழியியலார் அவ்விரு குடும்பங்களுக்கும் பிறப்புறவு உண்டு என்பதை ஏற்பதில்லை. உலகின் பல மொழிகளில் வினை இறுதியில் வரும். உருபு பின்னே ஒட்டும். அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் தாய்மகள் உறவு நிறுவப்படுவதில்லை. உறவு கொண்டாடுவதால் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கிட்டாது. ஒப்புமையைக் கருவியாக்கினால் 120-ஐத் தாண்டலாம்.

கவிஞர் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. கொரியரின் மரபுப்பாவாகிய ‘சிஜோ’ மூன்றடி உடையது. ஒவ்வோரடியும் நான்கு அசைத்தொகுதிகளால் நடக்கும். மூன்றாம் அடியில் கருத்து திரும்பும். நாற்சீரடியில் வளர்ந்த செவிக்கும், மூவடியில் அமையும் சிந்தியல் வெண்பாவை அறிந்த புலமைக்கும் அது அயலாகத் தோன்றாது. ஹான் காங் 2024-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றபின் கொரிய எழுத்தின்மேல் நமக்கு ஆர்வம் பெருகியிருக்கிறது. ஆனால் அவ்வெழுத்து நம்மிடம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்து சேர்கிறது. ஐந்தாம், ஆறாம் நிலை எட்டிய தமிழ் மாணவர் ஒருவர் உருவானால், ஒரு சிஜோ இடைத்தரகரின்றி நம் கைக்கு வரும். நம் கரிசல் கவிதையும் அவ்வாறே அங்குச் செல்லும்.

ஆகவே இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டின் பணியாக, ‘தமிழறிந்தார்க்குக் கொரிய இலக்கணம்’ என்னும் சிறு கையேடு ஒன்றை ஆக்குவோம். பெயரெச்சம், வினையெச்சம், துணைவினை, வேற்றுமை, புணர்ச்சி என்று நம் கலைச்சொற்களாலேயே அது அமையட்டும். தமிழ் துணை செய்யும் இடம் எது, துணை செய்யாத இடம் எது என்று இரண்டையும் ஒளிக்காமல் சொல்லட்டும். கொரியாவில் பயின்று மீண்ட நம் பகுதிப் பிள்ளைகளை உடன் அமர்த்திக்கொண்டால் ஓராண்டில் முடிக்கக்கூடிய பணியே இது. பேராசிரியர்கள் இலக்கணப் பகுதியைப் பார்த்துக்கொள்ளலாம். கவிஞர்கள் எடுத்துக்காட்டுத் தொடர்களை எழுதலாம்.

இலக்கணம் எதற்கு என்று கேட்கும் மாணவர்க்கு, ‘மொழியின் சிறப்பை அறிய’ என்று நாம் நெடுங்காலமாக விடை கூறி வருகிறோம். அவ்விடை தவறன்று, ஆனால் மழையை நம்பிய வீட்டுப் பிள்ளைக்கு அது போதாது. ‘இதைக் கற்றால் இன்னொரு மொழியின் கதவும் உனக்குத் திறக்கும்’ என்று கையேட்டைக் காட்டிச் சொல்லும் நாளை இவ்வட்டம் உருவாக்கித் தர வேண்டும் என்று வேண்டி அமைகிறேன்.