ஓலை காட்டி ஆட்கொண்ட ஊர்



கும்பாபிஷேகம் கண்டு களிக்கும் இந்நன்னாளில், வழிபாட்டின் உட்பொருளைச் சிறிது சிந்திப்போம். திண்டிவனத்தாரும் விழுப்புரத்தாருமாகிய நாம் இதற்குத் தொலைவிற் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. நம் திருவெண்ணெய்நல்லூரே போதும்.

மணப்பந்தரில் இருந்த நம்பியாரூரரை, 'இவன் என் வழியடிமை' என்று தடுத்தார் முதிய வேதியர் ஒருவர். ஆரூரர் சினந்து ஓலையைப் பறித்துக் கிழித்தார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்கு வந்தது. கிழிந்தது படியோலை, மூலவோலை முதியவரிடம் இருந்தது. பாட்டனார் கையெழுத்து ஒத்திருக்கவே ஆரூரர் தோற்றார். முதியவரோ திருவருட்டுறைக் கோயிலுட் புகுந்து மறைந்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் இதனை விரித்துரைக்கின்றது. வழக்கில் வென்றிருப்பின் அவர் ஒரு மணமகன். தோற்றமையால் அன்றோ நமக்குச் சுந்தரர் ஆயினார்!

13ஆம் நூற்றாண்டில் அதே ஊரில் இளஞ்சிறாராகிய மெய்கண்டார் உபதேசம் செய்துகொண்டிருந்தார். சகலாகம பண்டிதர் அங்கு வந்து, 'ஆணவ மலத்தின் வடிவம் யாது?' என்று நின்றவாறே வினவினார் என்பது மரபு. மெய்கண்டார் வாய் திறவாது அவரையே உற்று நோக்கினார். விடை விளங்கிற்று. சிறுவரின் அடியில் வீழ்ந்த அப்பண்டிதரே, சிவஞான சித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியார்.

முன்னொரு திருப்பணிக்கு எளியேன் சிறு பொருள் அளித்தேன். கல்லிற் பொறித்த பெயர்களில் என் பெயர் இல்லை. சந்நிதியில் கைகூப்பி நின்றபோதும் என் நெஞ்சம் அந்தக் கல்லையே வலம் வந்தது. அன்று யான் வழிபட்டது இறைவனையன்று, என் பெயரையே.

பிணியிலும் வறுமையிலும் இறைவனிடம் முறையிடுதல் குற்றமன்று. ஆயினும் 'எனக்குத் தா' என்பது தொடக்கமே. 'என்னை ஏற்றுக்கொள்' என்பதே முடிவு. 'நான் என்னும் செருக்கை விட்டேன்' என்று கூறுவதிலும் ஒரு 'நான்' ஒளிந்திருக்கின்றது. சுந்தரர் தம்மைத் தாமே விட்டாரல்லர். உடையவன் வந்து உரிமை கோர, அதற்கு இசைந்தார். அவ்விசைவே வழிபாடு.

யாகசாலைக் குடங்கள் பலவாயினும், கலசத்தின்மீது சொரிந்தபின் எந்நீர் எக்குடத்தது என்று எவர் பிரித்தறிவார்? நாம் ஈந்த பொருளும் அந்நீர்போல் ஆகுக! நம் பெயரும் அதனுடன் கரைக!

வாழ்க அடியார் திருக்கூட்டம்!