ஃபோர்டு கம்பெனியின் தர்மக் கணக்கு

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் பேசியது)



தர்மம் என்றால் நமக்குத் தெரிந்தது தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், சத்திரம். கொடுத்தவன் கையை விட்டுப் பொருள் போய்விடும். கொடுத்த பிறகும் கொடுத்தவன் பிடியிலேயே இருக்கிற தர்மமும் உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு என்ற மோட்டார் முதலாளி இருந்தார். 1932 மார்ச் 7ந் தேதி, வேலை கேட்டு அவருடைய டியர்பார்ன் ஆலைக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீசும் கம்பெனிக் காவலர்களும் சுட்டார்கள். நான்கு பேர் மாண்டார்கள். ஐந்தாமவர் சில மாதங்கள் கழித்து இறந்தார். தர்மவான் யார் என்று தெரிவதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

1935ல் ரூஸ்வெல்ட் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. ஒருவர் விட்டுப்போகும் சொத்து 5 கோடி டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 70 சதவீதம் வரி. ஃபோர்டு கம்பெனியோ முழுக்கக் குடும்பச் சொத்து. ஹென்றியும் மகன் எட்சலும் கண்ணை மூடினால், வரி கட்டுவதற்கே கம்பெனியை விற்க நேரும்!

என்ன செய்தார்கள்? 1936 ஜனவரியில் எட்சல் 25,000 டாலர் போட்டு ஃபோர்டு பவுண்டேஷன் என்ற தர்ம ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். கம்பெனி ஷேர்களை இரண்டு ரகமாகப் பிரித்தார்கள். நூற்றுக்கு 95 ஷேர் ‘ஏ’ ரகம். அதற்கு லாபத்தில் பங்கு உண்டு, ஓட்டு கிடையாது. மிச்சம் 5 ‘பி’ ரகம். ஓட்டு முழுவதும் அதற்குத்தான். உயிலில் ‘ஏ’ ரகம் தர்மத்துக்கு, ‘பி’ ரகம் பிள்ளைகளுக்கு. தர்மத்துக்குப் போன சொத்துக்கு வரி இல்லை. 1943ல் எட்சலும் 1947ல் ஹென்றியும் இறந்தபோது, கம்பெனியில் சுமார் 90 சதவீதம் ஸ்தாபனத்துக்குச் சேர்ந்தது. ஆனால் ஒரு மேஸ்திரியை மாற்றக்கூட அதற்கு ஓட்டில்லை. பேரன் இரண்டாம் ஹென்றிதான் கம்பெனித் தலைவர்.

நம் பாஷையில் சொன்னால், 95 மா நிலத்தைக் கோயிலுக்கு எழுதிவிட்டு, தண்ணீர் திறக்கும் மதகை மட்டும் மகன் பேரில் வைத்துக்கொண்ட மாதிரி.

‘அந்தப் பணத்தால் நன்மையே இல்லையா?’ என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1960ல் பிலிப்பைன்ஸில் நெல் ஆராய்ச்சி நிலையம் பிறந்ததில் அந்தப் பணத்துக்குப் பங்குண்டு. 1952லேயே டில்லியில் ஆபீஸ் திறந்தார்கள். 1960-61ல் தொடங்கிய தீவிர விவசாயத் திட்டத்துக்கு உதவினார்கள். அதில் நம் தஞ்சை ஜில்லாவும் ஒன்று. விதையும் உரமும் வந்தன. அறுத்த நெல்லில் கூலி எத்தனை மரக்கால் என்ற சண்டையை மட்டும் நாம்தான் போட வேண்டியிருந்தது!

1956ல் ஸ்தாபனம் ஷேர்களை வெளியில் விற்க ஆரம்பித்தது. 1974க்குள் எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்தது. குடும்பத்தின் ‘பி’ ரகம் மட்டும் இன்றும் இருக்கிறது. கம்பெனியில் அது 2 சதவீதம் போல. ஓட்டிலோ 40 சதவீதம்.

1969ல் அமெரிக்கச் சட்டம் இந்த வழியை அடைத்தது. வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? வேறொரு டிரஸ்ட் இருக்கிறது. சொத்தை அதில் போட்டு, 20 வருஷம் ஆண்டுதோறும் இவ்வளவு தர்மத்துக்கு, அப்புறம் சொத்து பிள்ளைக்கு என்று எழுதுகிறார்கள். பிள்ளைக்கு வரப்போவதற்குப் பத்திரம் எழுதும் நாளிலேயே மதிப்புப் போட்டுவிடுவார்கள். தர்மத்துக்குப் போவதைக் கழித்தால் மதிப்பு சொற்பம்; சில சமயம் பூஜ்யம். அந்தச் சொற்பத்துக்குத்தான் வரி. சொத்து கணித்ததைவிட அதிகம் வளர்ந்தால், வளர்ந்தது பிள்ளைக்கு வரியில்லாமல் போகும். முழுக்கச் சட்டப்படியான காரியம், திருட்டு அல்ல.

நம் நாட்டிலும் 1953ல் மரணச் சொத்து வரி வந்தது. உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போயிற்று. 1985ல் அதை எடுத்தே விட்டார்கள். ஆகவே பிள்ளைக்குச் சொத்துவிட இங்குள்ள கோடீஸ்வரனுக்குத் தர்ம வேஷம்கூடத் தேவைப்படவில்லை.