கூட வந்ததும் வராததும்

(சங்க உறுப்பினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு வேலையில் கற்றுக்கொண்டதை இன்னொரு வேலைக்கு எடுத்துப் போவது எப்படி என்று பேசும்படி நமது செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் எம்.பி.ஏ. படித்தவனில்லை. 42 வயதில் வேலை போய், வேறு தொழிலில் நுழைந்து, மேலும் 18 வருஷம் சம்பாதித்தவன். அவ்வளவுதான் என் தகுதி.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு மாமி. போன மாதம் இதே ஹாலில் என்னிடம் வந்து, "மாமா, பிள்ளைக்கு வேலை போயிடுத்து. எட்டு வருஷமா சாஃப்ட்வேர் டெஸ்டிங்தான் பண்ணிண்டிருந்தான். அதைத் தவிர அவனுக்கு ஒண்ணும் தெரியாதே" என்று கண் கலங்கினார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் 1993-ல் என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டவன்.

1971-ல் கும்பகோணத்திலிருந்து பம்பாய் வந்தேன். கையில் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் ஹையர் சர்ட்டிபிகேட். நிமிஷத்துக்கு 120 வார்த்தை எடுப்பேன். அந்த நாளில் நம்மவர்கள் எத்தனையோ பேர் அந்தக் காகிதத்தை நம்பித்தான் ரயில் ஏறினார்கள். பல்லார்டு எஸ்டேட்டில் ஒரு ஷிப்பிங் ஏஜெண்ட் ஆபீசில் ஸ்டெனோ வேலை கிடைத்தது. 22 வருஷம் அதே நாற்காலி. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, முதலாளியின் மகன் தன் கடிதத்தைத் தானே அடிக்க ஆரம்பித்தார். 1993-ல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். மூத்தவள் பத்தாவது, இளையவன் ஏழாவது. டோம்பிவிலி ஃபிளாட்டுக்குக் கடன் பாக்கி.

நாலைந்து இன்டர்வியூவுக்குப் போனேன். "ஷார்ட்ஹேண்ட் 120" என்று சொன்னதும் எதிரே இருப்பவர் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையின் அர்த்தம் எனக்கு மூன்றாவது இன்டர்வியூவில்தான் புரிந்தது.

ஆத்தில்தான் வழி பிறந்தது. "உங்க முதலாளி லெட்டரை முழுசா டிக்டேட் பண்ணினாரா? 'முடியாதுன்னு எழுது, ஆனா ஆளை விட்டுடாதே'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவார்னு நீங்கதானே சொல்வேள்? லெட்டரை எழுதினது யாரு? அதை எங்கேயாவது சொன்னேளா?" என்று என் மனைவி கேட்டாள்.

சொல்லவில்லை. அது ஒரு திறமை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அன்று ராத்திரி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் 22 வருஷத்தில் நான் உண்மையில் செய்ததை எழுதினேன். 'ஸ்டெனோ' என்ற வார்த்தை கூடாது என்று எனக்கு நானே நிபந்தனை. கோபமாக வந்த கடிதத்துக்குக் கோபப்படாமல் பதில் எழுதியது. பில் ஆஃப் லேடிங்கைப் படித்துத் தப்பு கண்டுபிடித்தது. ஆபீஸ் ரகசியம் வெளியே போகாமல் காத்தது. தாள் நிரம்பிவிட்டது.

அதை வைத்துத்தான் அந்தேரியில் ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டாக்குமெண்டேஷன் வேலை கிடைத்தது. லெட்டர் ஆஃப் கிரெடிட் வியாபாரத்தில் வங்கிக்குச் சரக்கைப் பற்றிக் கவலையில்லை, காகிதம் மட்டும்தான் கணக்கு. சரக்கு நயம் சரக்காக இருக்கலாம். இன்வாய்ஸில் சரக்கின் வர்ணனை கிரெடிட்டில் உள்ளபடி பொருந்தவில்லை என்றால் வங்கி பணம் தர மறுக்கலாம். ஒற்றை எழுத்து மாறினாலும் எனக்குக் கண் உறுத்தும். டைப்ரைட்டரில் கார்பன் வைத்து அடித்தவனுக்கு அந்தக் கண் தானாக வந்துவிடும். நாலு காப்பியையும் ரப்பர் போட்டு அழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்!

எல்லாமே கூட வந்தது என்று சொன்னால் பொய். ஷார்ட்ஹேண்ட் வரவில்லை, அதற்குப் பிறகு மளிகை லிஸ்ட் எழுதத்தான் பயன்பட்டது. முதலாளி மணி அடிக்கும் வரை காத்திருக்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்து தொந்தரவு கொடுத்தது. அதை விடவே ஒரு வருஷம் ஆயிற்று. முதல் சம்பளம் பழைய சம்பளத்தைவிடக் குறைவு. புதிதாகவும் படிக்க வேண்டியிருந்தது. 1994 ஜனவரியில் லெட்டர் ஆஃப் கிரெடிட்டுக்கான சர்வதேச விதிகள் மாறின. அதை மின்சார ரயிலில் நின்றபடி படித்தேன். 2007 ஜூலையில் மறுபடி மாறியபோது, வங்கி காகிதங்களைப் பார்க்கும் அவகாசம் ஏழு வேலை நாளிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. அதை ஆபீஸ் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் இந்தப் பழைய ஸ்டெனோதான்.

இப்போது மாமியின் பிள்ளைக்கு வருகிறேன். டெஸ்டிங் என்றால் என்ன என்று என் பேரனைக் கேட்டேன். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததைப் படித்து, அதில் எது தெளிவாக இல்லை என்று கேட்க வேண்டுமாம். சாதாரண மனிதன் எங்கே தப்பாக அழுத்துவான் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டுமாம். தப்பைக் கண்டுபிடித்தால், அதைச் செய்தவர் முகம் சுளிக்காதபடி எழுதித் தெரிவிக்க வேண்டுமாம். எட்டு வருஷம் இதைச் செய்தவனுக்கு ஒன்றும் தெரியாது என்று யார் சொன்னது? வங்கி, ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ் என்று எந்தத் துறையின் சாஃப்ட்வேரைச் சோதித்தானோ, அந்தத் துறையின் நடைமுறையும் அவனுக்குப் பாதி தெரிந்திருக்குமே.

பையன் இன்று வரவில்லை போலிருக்கிறது. கூட்டத்துக்கு வரக் கூச்சமாக இருக்கும்; எனக்கும் அப்போது இருந்தது. மாமி, ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்கு அவனை என் ஆத்துக்கு அனுப்புங்கள். பழைய காலண்டர் தாள் நிறைய வைத்திருக்கிறேன்.