மணலில் பிறந்த தாளம்

டேப் நடனம் என்றதும் காலணியின் அடியில் பொருத்திய உலோகத் தகடுகள் எழுப்பும் ‘டக் டக்’ ஓசைதான் நினைவுக்கு வரும். தகடே இல்லாமல், மெத்தென்ற அடியுள்ள காலணியோடு ஆடும் வகையும் உண்டு. அதன் பெயர் சாஃப்ட் ஷூ. இதில் வேகம் குறைவு. தேய்ப்பும் சறுக்கலும் அதிகம். உலோகச் சத்தத்தில் பிழையை ஓரளவு மறைத்துவிடலாம். இதில் அது நடக்காது!

இதையொட்டிய மணல் நடனத்தில் பெயர் பெற்றவர், 1917-இல் பிறந்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஹோவர்ட் சிம்ஸ். ‘சேண்ட்மேன்’ என்பது பட்டப்பெயர். முதலில் அவர் குத்துச்சண்டை வீரர். கால் வழுக்காமலிருக்க வீரர்கள் களத்தின் ஓரத்திலுள்ள பிசின்தூள் பெட்டியில் காலணியைத் தேய்ப்பது வழக்கம். சிம்ஸ் அதைத் தாளத்தோடு தேய்த்தார். கூட்டத்துக்கு அவருடைய குத்துகளைவிட அதுவே பிடித்துப்போனது.

கை எலும்பு முறிந்தபின் நடனமே தொழிலானது. அந்த ஓசையை மேடைக்குக் கொண்டுவர, காலணியில் உப்புத்தாள் ஒட்டிப் பார்த்தார்; தேய்ந்துபோனது. கடைசியில் பலகைமேல் மணலைத் தூவி ஆடினார்.

நியூயார்க் ஹார்லம் பகுதியின் அப்போலோ அரங்கில், ரசிகர்கள் கூச்சலிட்டு ஒதுக்கிய புதுமுகங்களை மேடையிலிருந்து விரட்டும் வேலையையும் பல்லாண்டு செய்தார். கலைஞனுக்கு வாய்த்த விசித்திரமான பிழைப்பு!

1950களில் ரசனை மாறியது. டேப் கலைஞர்களுக்கு வேலை வற்றியது. சிம்ஸ் ஆடுவதை விடவில்லை. 1984-இல் அமெரிக்கத் தேசிய மரபுக்கலை விருது பெற்றார். 2003-இல் மறைந்தார். ‘நோ மேப்ஸ் ஆன் மை டேப்ஸ்’ எனும் 1979ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் அவர் ஆடுவதைப் பார்க்கலாம்.